நாலாம் கட்டத்து வட்டம்

காலை 8.40.

உறையைக் கிழித்ததும் உள்ளேயிருந்து நான்கு வெள்ளைத் தாள்கள் விழுந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்துகூட இல்லை. திட்டப் பிரிவின் தலைவர் அவற்றைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடைசியில் உறையைக் கவிழ்த்து உதறியும் பார்த்தார். பேச்சுக்குப் பேர்போன மனிதர். அலுவலகத்தில் அவருக்குப் 'பிரசங்கி' என்று பெயர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து "ஐயோ" என்ற ஒரே சொல்தான் வந்தது.

8.55க்கு அந்த அறைக்குள் பாதுகாப்பு அதிகாரி நுழைந்தாள். பத்தொன்பது வருடம் காவல் துறையில் இருந்துவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தவள். நேரில் எல்லாரும் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஊசிக்கண்'. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

"நிதானமா சொல்லுங்க. என்ன போச்சு?"

"சர்வே தாள் மேடம். நாலு தாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒண்ணு. சந்தையில நாம எவ்வளவு விக்கிறோம், எதிராளி எவ்வளவு விக்கிறான், சந்தை எவ்வளவு வளந்திருக்கு, எல்லாம் அதுலதான் இருக்கு."

"நகல்?"

"நகல் எடுக்கக் கூடாதுங்கிறது முதலாளி உத்தரவு. எதிராளி கைக்குப் போயிடுமாம். சர்வே பண்ணவங்ககிட்ட திரும்பக் கேட்டா ஒரு வாரம் ஆகும். மீட்டிங் இன்னிக்கு மூணு மணிக்கு!"

"தள்ளிப் போடலாமே?"

"முடியாது. வடிகட்டி தொழிற்சாலை இருக்கிற கட்டடத்துக்கு இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட குத்தகை முடியுது. வேணுமா வேண்டாமான்னு அதுக்குள்ள சொல்லணும். சொல்லலைன்னா வேற ஆளுக்குப் போயிடும். தாள் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் படத்தை வெச்சே முடிவு பண்ணப் போறேன்னு முதலாளி சொல்லிட்டார்."

படம் சுவரோரமாக நின்றது. ஆள் உயர அட்டைப்பலகை, அதன்மேல் கட்டம் போட்ட பெரிய தாள், நான்கு மூலையிலும் கிளிப். நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் ஓடித் தாளை நான்கு வீடாகப் பிரித்தன. அங்கங்கே வண்ண அட்டையில் வெட்டிய வட்டங்கள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. திரையில் காட்டும் படங்களை முதலாளி நம்பமாட்டார். கையால் வெட்டிக் கையால் குத்தினால்தான் அவருக்குக் கணக்கு கணக்காகத் தெரியும்.

"இது எப்படிப் பார்க்கணும்?" என்றாள் ஊசிக்கண்.

பிரசங்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழேர்ந்து மேலே போகப் போக சந்தை வேகமா வளருதுன்னு அர்த்தம். குறுக்கே நம்ம பங்கு. நம்ம பங்கை, நமக்குப் பெரிய எதிராளி பங்கால வகுக்கணும். ஒண்ணுக்கு மேல வந்தா நாமதான் பெரியவங்க. அது இடது பக்கம் போகும்."

"அதிகம்னா இடது பக்கமா?"

"உலகம் பூரா அப்படித்தான் மேடம், என்னைக் கேக்காதீங்க. மேலே இடது, நட்சத்திரம். நம்ம மின்விசிறி அங்கே இருக்கு. கீழே இடது, கறவை மாடு. குக்கர். அதிகமா தீனி போட வேண்டாம், அது பாட்டுக்குக் கறக்கும். மேலே வலது, கேள்விக்குறி. இந்த வருஷம் அது காலி. கீழே வலது..."

"நாய்," என்றாள் ஊசிக்கண். அங்கே கொட்டை எழுத்தில் எழுதியே இருந்தது.

"பங்கும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. நாய்க் கட்டத்துல இருக்கிறதை இன்னிக்கு மூடிடுவார்."

நாய்க் கட்டத்தில் இரண்டு வட்டங்கள். மஞ்சள், இஸ்திரிப்பெட்டி. இந்த வளாகத்தின் பின்பக்கத்துக் கொட்டகையில் முப்பத்தொரு பேர் செய்கிறார்கள். நீலம், தண்ணீர் வடிகட்டி. இரண்டு நாள் பஸ் பயணத் தொலைவில் இருநூற்றுப் பத்துப் பேர் செய்கிறார்கள். அந்த நீல வட்டத்துக்குள் இருநூற்றுப் பத்து வீட்டு அடுப்பு இருக்கிறது என்று ஊசிக்கண் நினைத்தாள். மூன்று மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

"இந்த வெறும் வளையமெல்லாம் என்ன?"

ஒவ்வொரு வட்டத்துக்கும் எங்கோ பக்கத்தில் பென்சிலால் ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி இழுக்கப்பட்டிருந்தது.

"போன வருஷம் இருந்த இடம். எங்கேர்ந்து எங்கே வந்திருக்குன்னு பார்க்கணுமில்ல? வடிகட்டியைப் பாருங்க. போன வருஷம் நட்சத்திரக் கட்டத்து ஓரத்துல இருந்துச்சு. ஒரே வருஷத்துல நாய்க்கு வந்திடுச்சு. 'உதிர்ந்த நட்சத்திரம்'னு ஒரு தலைப்பு வெச்சிருக்கேன் மேடம். பேச்சு கூட எழுதிட்டேன்."

எழுதியிருப்பார் என்பதில் ஊசிக்கண்ணுக்குச் சந்தேகமே இல்லை.

காலை 9.30.

நேற்று மாலை நடந்ததைக் கேட்டு வாங்கித் தன் நோட்டில் எழுதினாள்.

5.00: முதலாளி திட்ட அறைக்கு வருகிறார். நாளை கூட்டத்தில் அசல் சர்வே தாள்கள் மேசைமேல் இருக்க வேண்டும் என்கிறார். இத்தனை வருடத்தில் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை.

5.05: பிரசங்கி முதலாளியைக் கார் வரை வழியனுப்பப் போகிறார். 5.20க்குத் திரும்புகிறார்.

5.50: மேசையில் கிடந்த உறையை ஒட்டி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

6.00: அறையையும் பூட்டுகிறார். மாற்றுச் சாவி காவல் அறையில். பதிவேட்டில் யாரும் கையெழுத்துப் போட்டு எடுக்கவில்லை.

ஜன்னலில் கம்பி. பூட்டில் கீறல் இல்லை. வாசலில் போகிறவர் வருகிறவர் பையெல்லாம் சோதனை.

"உறையை ஒட்டுறப்போ உள்ளே பார்த்தீங்களா?"

பிரசங்கி உறையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமா இருந்துச்சு மேடம்."

நோட்டை மூடினாள். பூட்டிய அறைக்குள் திருடன் எப்படி வந்தான் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அறை பூட்டப்படும்போதே உறைக்குள் இருந்தது வெள்ளைத் தாள். 5.05லிருந்து 5.50க்குள் யார் இங்கே இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

காலை 10.10.

இஸ்திரிப்பெட்டிப் பிரிவின் மேனேஜர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நேத்து திட்ட அறைக்குப் போனீங்களா?"

"போனேன். அஞ்சு பத்துக்கு. படத்தைப் பார்த்தேன். கத்தினேன். வந்துட்டேன்."

"எதுக்குக் கத்தினீங்க?"

"இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ் மேடம். நான் கட்டின பிரிவை நாய்னு எழுதி வெச்சிருக்காங்க. வாலை ஆட்டச் சொல்றீங்களா? சர்வே தாளைக் காட்டுங்க, எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு நானே பார்க்கிறேன்னு கேட்டேன். அந்தம்மா தரலை."

"அந்தம்மா?"

"காம்பஸ். வட்டம் வெட்டுறவங்க."

"அவங்க அறையை விட்டு வெளியே போனாங்களா?"

"பசைக் கையைக் கழுவப் போனாங்க. ரெண்டு மூணு நிமிஷம்."

"அப்போ நீங்க தனியா இருந்தீங்க."

மனிதரின் முகம் சிவந்தது. "இருந்தேன். எடுத்திருக்கலாம். எடுக்கலை. உறை எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"மூடிட்டா உங்க நிலைமை என்ன?"

"எனக்கு என்ன? எங்கேயாவது ஒரு நாற்காலி குடுப்பாங்க. ஹீட்டர் பிரிவை மூடினப்போ நான் அங்கேதான் இருந்தேன். என்னையும் மேஸ்திரிங்க பத்துப் பேரையும் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நூறு பேர் மேடம். இன்னிக்கும் ரோட்டுல யாரையாவது பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறேன். அவங்க இல்லை, நான் திருப்பிக்கிறேன்."

அவர் போனபிறகும் ஊசிக்கண் கொஞ்ச நேரம் அவர் உட்காராத நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை 10.45.

காம்பஸ் என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது வருடமாக இந்த அறையில் வட்டம் வெட்டுகிறாள். வட்டம் வெட்டுவது மட்டுமல்ல, சர்வே தாளைப் படித்துக் கணக்குப் போடுவதும் அவள்தான். போட்ட கணக்கைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவதுதான் பிரசங்கியின் வேலை. அவளுடைய மேசையில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில், செய்தித்தாளிலிருந்து வெட்டிய நீண்ட தூர பஸ்களின் நேர அட்டவணை. ஒரு வரியின் கீழே பேனாவால் பல தடவை கோடு இழுத்துத் தாளே நைந்திருந்தது.

"இந்த பஸ் எங்கே போகுது?"

"வடிகட்டி தொழிற்சாலைக்கு மேடம். ரெண்டு பஸ் மாறணும். ரெண்டு நாள்."

"அங்கே யாரு?"

"வீட்டுக்காரர். வடிகட்டி வார்க்கிற அச்சுல மேஸ்திரி. ஆறு வருஷமாச்சு."

"எப்போ கடைசியாப் பார்த்தீங்க?"

"ஏழு மாசம் பன்னெண்டு நாள்."

யோசிக்காமல் சொன்னாள். ஊசிக்கண்ணின் பேனா ஒரு கணம் நின்றது.

"நேத்து அஞ்சு மணிக்கு மேல என்ன பண்ணீங்க?"

"வட்டத்தை ஒட்டினேன். குத்தினேன். இஸ்திரிப்பெட்டி சார் வந்து சத்தம் போட்டார். பயந்துட்டேன். கை கழுவப் போற சாக்குல வெளியே போய் நின்னேன்."

"அவர் எடுத்திருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"யாரையும் சொல்ல எனக்கு மனசு வரலை மேடம்."

"வடிகட்டியும் நாய்க் கட்டத்துல இருக்கே. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

காம்பஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தானே குத்த முடியும்?"

ஊசிக்கண் எழுந்திருக்கும்போது, நீல அட்டையின் துணுக்கு ஒன்று மேசையில் கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துக் குப்பையில் போடப் போனவள், என்னவோ நினைத்து, திரும்ப வைத்துவிட்டாள்.

காலை 11.30.

தன் அறையில் ஊசிக்கண் தனியாக உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் பன்னிரண்டு நாள். அவளுடைய கணவனும் வெளியூரில்தான் இருக்கிறான். பாலம் கட்டுகிற வேலை. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம். போய் ஏழு வருடம். எப்போது கடைசியாகப் பார்த்தாள்? போன வருடம். மழைக்கு முன்பா பின்பா? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, இன்று காலை வரை.

தலையை உதறிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

தாளை எடுத்தவர் இஸ்திரிப்பெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். எதற்காக? படம் அவருக்கு எதிரி. அதைப் பொய் என்று காட்ட அவருக்கு இருக்கிற ஒரே துணை அந்தத் தாள். கோபம் தலைக்கேறியிருந்தால் படத்தைக் கிழித்திருப்பார். படத்தை அப்படியே நிற்கவிட்டுத் தாளை மட்டும் ஒழித்துக்கட்டிய ஆள், படம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள்.

அப்படியானால் படத்தில் ஏதோ பொய் இருக்கிறது.

அலமாரியிலிருந்து தையல் டேப்பை எடுத்துக்கொண்டு திட்ட அறைக்கு நடந்தாள். போகிற வழியில் பணியாளர் பிரிவில் நின்று ஒரு கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

பகல் 2.30.

கூட்ட அறைக்குப் படம் வந்துவிட்டது. முதலாளி, பிரசங்கி, இஸ்திரிப்பெட்டிக்காரர், காம்பஸ். கதவைச் சாத்திவிட்டு ஊசிக்கண் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தாள் கிடைச்சுதாம்மா?" என்றார் முதலாளி.

"கிடைக்கும் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. வட்டத்தோட அளவு எதைக் காட்டுது?"

"விற்பனையை," என்றார் பிரசங்கி. "பெரிய வட்டம், பெரிய விற்பனை. பரப்பளவுல பார்க்கணும்."

"போன வருஷத்து வடிகட்டி வளையம். குறுக்களவு அஞ்சு சென்டிமீட்டர்." டேப்பை வைத்துக் காட்டினாள். "இந்த வருஷத்து நீல வட்டம், ஆறு. ஐயஞ்சு இருபத்தஞ்சு. ஆறாறு முப்பத்தாறு. அதாவது நூறு வடிகட்டி வித்த இடத்துல இப்போ நூத்தி நாப்பத்தி நாலு விக்கிறோம். சரியா?"

"விற்பனை கூடியிருக்கு, வாஸ்தவம்தான்," என்றார் பிரசங்கி. "ஆனா சந்தை சரிஞ்சிருச்சு. அதுதான் வியாபாரத்தோட விநோதம். என் பேச்சுலகூட..."

"சந்தை எவ்வளவு வளந்திருக்குன்னு படம் சொல்லுது?"

"நாலு சதவீதம்."

"நூறு விக்கிற சந்தை நூத்தி நாலு ஆச்சு. நாம நூத்துலேர்ந்து நூத்தி நாப்பத்தி நாலு ஆனோம். அப்போ நம்ம பங்கு கூடணுமா, குறையணுமா?"

பிரசங்கி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"உங்க போன வருஷத்துக் கணக்குப் புத்தகத்துல நம்ம பங்கு நூத்துக்கு இருபத்தி ரெண்டு. இந்த வளர்ச்சிக்கு இந்த வருஷம் முப்பது வரணும். படத்துல நாம நிக்கிற இடம் பாயிண்ட் மூணு. அதாவது எதிராளி நம்மளைவிட மூணு மடங்குக்கும் மேல. முப்பதுக்கு மூணு மடங்கு தொண்ணூறு, அதுக்கும் மேலன்னா நூறு ஆச்சு. நம்ம முப்பதையும் சேருங்க. நூறு பேர் இருக்கிற சந்தையில நூத்தி முப்பது பேர் வடிகட்டி வாங்கியிருக்காங்க. அந்த முப்பது பேரை எங்கேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?"

இஸ்திரிப்பெட்டிக்காரர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வட்டத்தோட அளவு நிஜம். அது நிக்கிற இடம் பொய்," என்றாள் ஊசிக்கண். "யாரு தன் பொருளைக் காப்பாத்தப் பார்த்தாங்கன்னு தேடினோம். எதை வேணும்னே மாட்டி விட்டாங்கன்னு பார்க்கலை. வடிகட்டி நாய்க் கட்டத்துல நிக்கணும், மூடணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டிருக்காங்க. அசல் தாளை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. அதனால பயமும் இல்லை. நேத்து அஞ்சு மணிக்கு அவங்க காது கேக்க நீங்க கேட்டீங்க சார். அதுக்கப்புறம் தாள் இருக்கக் கூடாது."

"யாரு?"

"பிரசங்கி சாருக்குக் கணக்கு தெரியாது, கோவிச்சுக்காதீங்க சார். இஸ்திரிப்பெட்டி சாருக்குத் தாள் வேணும். மிச்சம் ஒருத்தர்தான்."

யாரும் காம்பஸின் பக்கம் திரும்பவில்லை. அவளாகவே எழுந்து நின்றாள்.

"அவளுக்கா?" பிரசங்கியின் குரல் உடைந்தது. "அவ வீட்டுக்காரரே அங்கேதானே வேலை பார்க்கிறார்! மூடினா அவருக்குத்தானே..."

"அவரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்குவீங்க. ஹீட்டர் பிரிவு மேஸ்திரிங்களைக் கூப்பிட்ட மாதிரி. இங்கே, இந்த ஊருக்கு. அவங்க கோப்பைப் பார்த்தேன். என்னை வடிகட்டி தொழிற்சாலைக்கே மாத்துங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு தடவையும் ஒரே பதில். 'இவர் இல்லாமல் திட்டப் பிரிவு நடக்காது.' உங்க கையெழுத்துதான் சார்."

முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஊசிக்கண் படத்தின் மேல் மூலைகளில் இருந்த இரண்டு கிளிப்பையும் கழற்றித் தாளை முன்னால் மடக்கினாள். பலகைக்கும் தாளுக்கும் நடுவே நான்கு சர்வே தாள்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"பையோட வாசலைத் தாண்ட முடியாது. எல்லா இடத்தையும் சோதிப்பேன், படத்தைப் பிரிக்கமாட்டேன்னு நினைச்சீங்க. சரிதானே?"

"சரிதான்," என்றாள் காம்பஸ். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். "சரிதான் அக்கா."

முதலாளி வடிகட்டித் தாளை எடுத்துப் படித்தார். குழாயில் மாட்டும் வடிகட்டிகளின் சந்தை இருபத்திரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது. எதிராளி நமக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தான். அச்சு அசல் நட்சத்திரம்.

"அப்போ இந்த நாலு சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"குழாய் வடிகட்டியை மட்டும் எடுக்காம, தண்ணி சுத்தம் பண்ற எல்லா மிஷினையும் சேர்த்துக்கிட்டேன் சார். பெரிய பெரிய மோட்டார் மிஷின் எல்லாம். அந்தச் சந்தையில நாம ஒண்ணுமே இல்லை." கணக்கைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் திடமாக இருந்தது. "எந்தச் சந்தைன்னு மாத்திட்டா போதும். வேற எதையும் மாத்த வேண்டாம்."

குளத்து மீனைக் கடலில் விட்டு அளந்திருக்கிறாள் என்று ஊசிக்கண் நினைத்தாள். கெட்டிக்காரி.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை," என்றாள். "வட்டத்தைச் சின்னதா வெட்டியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். ஆறுக்குப் பதிலா நாலு சென்டிமீட்டர். யாரு அளக்கப் போறாங்க? கத்தரி உங்க கையில. ஏன் வெட்டலை?"

காம்பஸ் நீல வட்டத்தைப் பார்த்தாள். அதுவரை அழாதவள் அழுதாள்.

"வெட்டிப் பார்த்தேன். ரெண்டு தடவை வெட்டினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். அது அவர் செஞ்சது அக்கா. ராத்திரி பகலா அச்சுல நின்னு செஞ்சது. போன்ல ஒவ்வொரு தடவையும் சொல்வார், இந்த மாசம் இவ்வளவு போட்டோம், அந்த மாசம் அவ்வளவு போட்டோம்னு. எனக்கு அதெல்லாம் வேண்டாம், எப்ப வருவீங்கன்னு கேட்பேன். அதுக்கு மட்டும் அவர்கிட்ட பதில் இருக்காது. ஆனாலும் அவர் வேலையைக் குறைச்சுக் காட்ட எனக்குக் கை வரலை. இடத்தை மாத்தினா அவர் வந்துடுவார்னு தோணுச்சு. மாத்திட்டேன்."

"மத்த இருநூறு பேர்?" என்றார் இஸ்திரிப்பெட்டிக்காரர். கோபமாகக் கேட்கவில்லை.

"அவங்களை நான் பார்த்ததே இல்லை சார். ஒன்பது வருஷமா அவங்க எனக்கு அட்டைதான். ஆறு சென்டிமீட்டர் அட்டை."

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது போலிருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாலை 4.20.

குத்தகைக் கடிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். வடிகட்டிக்கு இன்னொரு அச்சு இயந்திரம் வாங்குவதென்றும் முடிவாயிற்று. இஸ்திரிப்பெட்டி அசல் கணக்கிலும் நாயாகவே இருந்தது. அதன் மேனேஜர், முப்பத்தொரு பேரையும் விசிறிப் பிரிவுக்கு எடுத்துக்கொள்வதாக எழுதித் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தார். எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். பிரசங்கி தன் பேச்சைச் சத்தமில்லாமல் நான்காகக் கிழித்தார்.

காம்பஸை வேலையிலிருந்து நீக்குவதாகவும், போலீசுக்கு மட்டும் போவதில்லை என்றும் முதலாளி சொன்னார். "நடக்காதுன்னு எழுதினேன். நடந்துதான் ஆகணும் இனிமே," என்று முணுமுணுத்தார்.

ஊசிக்கண் தன் அறையிலிருந்த போனை அவள் பக்கம் தள்ளினாள். "நீங்களே சொல்லிடுங்க. வேற யாரோ சொல்லித் தெரிய வேண்டாம்."

வெளியே போக எழுந்தவளின் கையைக் காம்பஸ் பிடித்துக்கொண்டாள். ஊசிக்கண் இருந்தாள்.

காம்பஸ் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"என்னங்க? இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் கரகரத்தது. "என்கூட நிக்கிறாங்களே, இவங்க சோத்துலயா கை வெச்சே?"

"ஆமாங்க."

"எனக்கு மட்டும் உன்னைப் பார்க்கணும்னு இல்லையா?"

"தெரியும்ங்க."

மறுபடி இயந்திரச் சத்தம். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இரு, வரேன் என்று அவன் பதில் சொல்வது கேட்டது.

"இங்கே வந்தா முதல்ல இவங்க முன்னாடி நின்னு சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும். காறித் துப்பினாலும் நின்னுதான் கேக்கணும்."

"சொல்றேன்."

"எந்த பஸ்ல வர்றே?"

பார்த்துப் பார்த்து மனப்பாடமாயிருந்த நேரம் அந்தக் கணத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. ஊசிக்கண்தான் எழுந்துபோய், திட்ட அறையின் மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தத் தாளை எடுத்து வந்து, கோடு போட்ட வரியை அவளுக்கு முன்னால் வைத்தாள்.

மாலை 5.15.

காம்பஸ் ஒரு பையோடு வாசலைத் தாண்டிப் போவதை ஊசிக்கண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பையைச் சோதித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். உள்ளே ஒரு காம்பஸும், ஒரு துண்டும், கொஞ்சம் நீல அட்டையும் இருந்ததாகக் காவல்காரர் சொன்னார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தாள். குற்றம், நேரம், முறை எல்லாம் கடகடவென்று வந்தன. 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. எரிச்சலாக வந்தது அவளுக்கு. பொறாமையாகவும் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. அந்தப் பெண் புருஷனைப் பார்ப்பதற்காக ஒரு தொழிற்சாலையையே மூடப் பார்த்தாள். தவறுதான், மகாத் தவறு. ஆனால் நான் ஏழு வருடத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட எழுதவில்லையே. யாரும் என்னை மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

போனை எடுத்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மணி பத்தும் இல்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். மூச்சு வாங்கியது. "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க."

"அப்புறம் எதுக்கு இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லை. உங்களைப் பார்க்கணும் போல இருக்கு. லீவு போட்டுட்டு வரட்டுமா?"

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.